கைக்குட்டை அசையும் வரை

மார்லோ, இல்லினாய்
செப்டம்பர் 20, 1896

அன்புள்ள தோரா அக்காவுக்கு,

தம்பி ஹால்வர் எழுதுவது. இங்கே என் மூக்கைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே நீயும் அப்பாவும் மாடுகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மூக்கைப் பற்றிக் கவலைப்படாதே. பயிற்சியின்போது லேஃபின் முழங்கை பட்டுவிட்டது. லேஃப் கென்டக்கிக்காரன், கதவு மாதிரி அகலம். அவன் முழங்கை படாமல் இந்தக் கல்லூரியில் யாரும் படித்து முடித்ததில்லை.

இப்போது செய்தி. இந்த வருடம் ஃபுட்பால் அணிக்கு நான்தான் தலைவன்! எங்களைப் பழக்குகிற ஹோப்வுட் ஐயா, கிரேக்கம் சொல்லித்தருகிறவர், அவரும் எங்களைப் போலச் செவிடர்தான், எல்லார் முன்னாலும் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். எடையில் நான்தான் ஆகக் குறைவு. லேஃப் உடனே கையை ஆட்டினான்: "மூளைக்கு இந்தச் சின்னவன், முதுகுக்கு நான். சரியாப் போச்சு போ."

ஆட்டம் இப்படி. நடுவில் நிற்கிற லேஃப் பந்தைத் தன் கால்களுக்கு நடுவே பின்னால் தள்ளுவான். நான் வாங்கி, ஓடுகிறவன் கையில் கொடுக்க வேண்டும். யார் ஓடுவது, எந்தப் பக்கம் ஓடுவது என்று முன்கூட்டியே சொல்வதும் நான். மற்றக் கல்லூரிகளில் அதை எண்களாகக் கத்துவார்கள். எங்கள் பதினோரு பேருக்கும் காது கேட்காது. நான் கையால் சொல்வேன்.

அப்பாவிடம் சொல். அவர் என்ன சொன்னார் என்று வழக்கம்போல ஒரு சொல் விடாமல் எழுது. வீட்டில் எனக்கு நீதானே காது. தபாலிலும் நீதான்.

அன்புத் தம்பி,
ஹால்வர்

~

கார்னெட், அயோவா
செப்டம்பர் 27, 1896

என் அன்புத் தம்பி ஹால்வருக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் நலம். உன் மூக்குக்கு வெந்நீர் ஒற்றடம் கொடு. லேஃபுக்கு என் கண்டனத்தைத் தெரிவி.

பள்ளி திறந்துவிட்டது, மறுபடி கரும்பலகை முன்னால் நிற்கிறேன். புது அடுப்பு புகைகிறது, பழைய பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். மார்ச்சில் எனக்கு வந்த காய்ச்சலைப் பற்றி இன்னும் கேட்காதே. அது போய் மாதங்கள் ஆகிவிட்டன. கொஞ்சம் களைப்பு, அவ்வளவுதான்.

உன் கடிதத்தைச் சமையலறையில் உரக்க வாசித்தேன். அப்பா பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "கையில தூக்கிட்டு ஓடுறதுக்கு ஏன் கால்பந்துன்னு பேரு வச்சாங்க? பேரு வச்சவன் குடிச்சிருந்தானா?" என்றார். பிறகு தலைவன் என்று வருகிற இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "வெளிச்சம் பத்தல, நீ தப்பா வாசிச்சிருப்ப. இன்னொரு தரம் வாசி" என்றார். மூன்று முறை வாசித்தேன், ஹால்வர். ஒரு சொல்லும் தவறக்கூடாது என்று அவரைப் பக்கத்தில் வரச் சொல்லி, திரும்பவும் சொல்லச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

அடிபடாமல் விளையாடு.

உன் அக்கா,
தோரா

~

மார்லோ
அக்டோபர் 11, 1896

அன்புள்ள அக்காவுக்கு,

மூக்கு நேராகிவிட்டது. மனம் இன்னும் நேராகவில்லை. நீயும் அப்பாவும் சுகமா?

இதுவரை எல்லாம் தோல்வி. முதல் ஆட்டத்தில் வில்லன் விசில். நடுவர் ஊதினால் எல்லாரும் அப்படியே நிற்க வேண்டும். ஊதியது எங்களுக்கு எப்படித் தெரியும்? லேஃப் ஒருவனைக் கீழே தள்ளி அவன்மேல் சாவகாசமாக உட்கார்ந்திருந்தான். ஊர் முழுக்க எழுந்து நின்று அவனைத் திட்டுகிறது. அவனோ பாராட்டுகிறார்கள் என்று நினைத்துத் தொப்பி இல்லாத தலையிலிருந்து தொப்பியைக் கழற்றிக் காட்டினான். தண்டனையாக எங்களைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஹோப்வுட் ஐயா ஒரு வழி கண்டார். ஆட்டத்துக்கு முன்பே நடுவரிடம் எழுதிக் காட்டுகிறார்: விசில் ஊதிய கையோடு தயவுசெய்து வெள்ளைக் கைக்குட்டையை உயர்த்துங்கள். இப்போது எங்கள் கண்ணெல்லாம் அந்தக் கைக்குட்டைமேல்.

நேற்றைய தோல்விதான் மோசம். நான் வலது என்றால் எதிரணி மொத்தமும் வலதுபக்கம் வந்து காத்திருக்கிறது. இடது என்றால் இடது. பேய் பிடித்தது போல இருந்தது. ஆட்டம் முடிந்ததும் அவர்களில் ஒருவன் என்னிடம் வந்தான். அவனுக்குக் காது நன்றாகவே கேட்கும், ஆனால் தாயும் தகப்பனும் செவிடர். எங்களைவிட அழகாகக் கைகளால் பேசினான்: "உங்க பேச்சு ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா. ஒரு வார்த்தை விடாம கேட்டேன்."

லேஃப் அவனைக் குதிரைக் கொட்டகை வரை துரத்தினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் பேசுவதை ஒருவன் ஒட்டுக்கேட்க முடியும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

அன்புத் தம்பி,
ஹால்வர்

~

கார்னெட்
அக்டோபர் 25, 1896

அன்புள்ள ஹால்வருக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். சோளம் உரிக்கும் வேலை. நாங்கள் நலம். நீ தோற்றதில் எனக்கு வருத்தமே.

இங்கே அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பதைப் போதகர் மகளிடம் விட்டுவிட்டேன். எட்டு வருடம் வாசித்த விரல்கள், அவற்றுக்கும் ஓய்வு வேண்டாமா? பள்ளிப் பிள்ளைகள் இந்த வருடம் மிகவும் அமைதியாக இருக்கிறார்கள். அப்பா சுகம்.

மாலைப்பொழுதுகள் நீண்டுவிட்டன. உங்கள் விரல் எழுத்துகளை வரைந்து அனுப்புகிறாயா? நீயும் நானும் சின்ன வயதில் உண்டாக்கிக்கொண்ட சைகைகளை வைத்துப் பால், பூனை, ஓடு, அப்பாவுக்குக் கோபம், இவ்வளவுதானே பேச முடிகிறது. ஒரு பொழுதுபோக்குக்காகக் கேட்கிறேன்.

உன் அக்கா,
தோரா

~

மார்லோ
நவம்பர் 1, 1896

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நாங்கள் நலத்துக்கும் மேலே! நேற்று ஜெயித்தோம். பத்துக்குப் பூஜ்யம்.

நடந்தது இது. போன வாரம் குளிர் தாங்காமல் நாங்கள் எல்லாரும் விடுதிக்கூடத்து அடுப்பைச் சுற்றி நின்று குளிர்காய்ந்துகொண்டிருந்தோம். லேஃப் ஹோப்வுட் ஐயாவின் நடையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். ஐயா பின்னாலேயே வந்து நின்றிருக்கிறார். எங்கள் முதுகுகளைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "என்ன பேசிக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது.

இப்போது ஒவ்வொரு முறையும் பந்தை எடுப்பதற்கு முன் பதினோரு பேரும் நெருங்கி வட்டமாகக் குனிகிறோம். வெளியே முதுகு, உள்ளே என் கைகள். எவனும் ஒட்டுக்கேட்க முடியாது. எதிரணிக்காரர்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். கூட்டத்தில் ஒரு கிழவர், "பாவம், தோத்துத் தோத்து ஜெபம் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க" என்றாராம். காது கேட்கிற, பந்து பொறுக்கிப்போடுகிற பையன் எழுதிக் காட்டினான்.

விரல் எழுத்துகள் இத்துடன். வரைந்தது லேஃப். அதனால்தான் எல்லா விரலும் தொத்திறைச்சி மாதிரி இருக்கின்றன.

ஒரு குறை. முன்பெல்லாம் அப்பா சொன்னதை அப்படியே எழுதுவாய். போன கடிதத்தில் 'அப்பா சுகம்' என்று இரண்டே சொல். அவருக்கு என்மேல் கோபமா? அடுத்த கடிதத்தில் எனக்கு அவருடைய பேச்சு வேண்டும்.

நவம்பர் பதினான்காம் தேதி ப்ரூக்டேலில் ஆட்டம். நம் வீட்டிலிருந்து வண்டியில் ஒரு காலைப்பொழுதுதான். வருவீர்களா?

அன்புத் தம்பி,
ஹால்வர்

~

கார்னெட்
நவம்பர் 8, 1896

அன்புள்ள ஹால்வருக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் வெற்றியைக் கொண்டாட லெஃப்சே ரொட்டி சுட்டேன். ப்ரூக்டேலுக்கும் கட்டிக்கொண்டு வருகிறேன், லேஃபுக்கும் சேர்த்து.

அப்பாவுக்கு உன்மேல் கோபமா? என்ன பேச்சு இது! உன் கடிதத்தை வாசித்ததும் அவர், "ஹால்வர் நன்றாக விளையாடட்டும், கர்த்தர் அவனுக்குத் துணையிருப்பாராக" என்றார். நான் ப்ரூக்டேலைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே வண்டியைக் கழுவி வெயிலில் நிறுத்திவிட்டார்.

விரல் எழுத்துகளைக் கண்ணாடி முன் நின்று பழகினேன். ஒரு வாரத்தில் வந்துவிட்டன. கோழிகளுக்குப் பெயர் எழுதிக் காட்டினேன். அவை மதிக்கவில்லை.

சனிக்கிழமை பார்ப்போம்.

உன் அக்கா,
தோரா

~

மார்லோ
நவம்பர் 15, 1896

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று வந்ததற்கு நன்றி. லெஃப்சே ரயில் ஏறுவதற்குள் தீர்ந்துவிட்டது. லேஃப் உன்னைக் கல்யாணம் செய்துகொள்ளத் தயார் என்கிறான். அவனை நம்பாதே, சமைக்கத் தெரிந்த எல்லாரிடமும் இதைச் சொல்வான்.

தோற்றதற்குக் காரணம் சேறு. பந்து வழுக்கிவிட்டது. வேறொன்றும் இல்லை.

நீ சுகமா, அக்கா? உண்மையாகவே சுகமா?

ஹால்வர்

~

கார்னெட்
நவம்பர் 18, 1896

அன்புள்ள ஹால்வருக்கு,

நான் சுகம். ஏன் அப்படிக் கேட்கிறாய்? இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. மாடுகளை உள்ளே கட்டியாயிற்று. நீ கம்பளி உள்சட்டை போட்டுக்கொள்கிறாயா?

தோல்வியை மனத்தில் வைத்துக்கொள்ளாதே. சேற்றுக்கு யார் என்ன செய்ய முடியும்?

தோரா

~

மார்லோ
நவம்பர் 22, 1896

என் அன்பு அக்கா,

இதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ஒரு வாரம் போய்விட்டது. சேறு இல்லை. நான்தான்.

ஆட்டம் முடிய இன்னும் பத்து நிமிடம் இருக்கும். நாலுக்குப் பூஜ்யம் என்று நாங்கள் முன்னால் இருந்தோம். ஒவ்வொரு முறையும் ஆள்குவியலிலிருந்து எழுந்ததும் கைக்குட்டையைத் தேடிப் பார்ப்பது எனக்குப் பழக்கம். நடுவருக்குப் பின்னால்தான் நீங்கள் உட்கார்ந்திருந்த வரிசை. இந்த வருடம் நான் ஒரு வித்தை கற்றிருக்கிறேன். விசில் ஊதியதும் கூட்டத்தின் முகங்கள் ஒரே நேரத்தில் மாறும். வாய்கள் மூடும், கைகள் இறங்கும். அதைப் பார்த்தே ஊதிவிட்டார் என்று தெரிந்துகொள்வேன். கைக்குட்டை அதற்குப் பிறகுதான் எழும்.

அன்று எல்லா வாய்களும் மூடின. நீல முக்காடு போட்ட ஒருத்தி மட்டும் எம்பி எம்பிக் கத்திக்கொண்டிருந்தாள். கைக்குட்டை எழுந்தது. எங்கள் பதினோரு பேருடன் சேர்ந்து அவளும் அப்போதுதான் நிறுத்தினாள்.

விதி தெரியாமல் கத்துகிறாய் என்று முதலில் நினைத்தேன். அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறை வேறொன்றைப் பார்த்தேன். விசில் ஊதியதும் அப்பா உன் முழங்கையைத் தொட்டார். நீ நிறுத்தினாய். அவர் உன் பக்கம் திரும்பக்கூட இல்லை, அக்கா. ஆட்டத்தைப் பார்த்தபடியே தொட்டார். பல மாதங்களாகச் செய்து கைக்குப் பழகிப்போன ஒன்றைச் செய்வது போல.

நாங்கள் வட்டத்தில் குனிந்தோம். பத்துப் பேரும் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் கைகளில் ஒன்றும் இல்லை. "சொல்லுடா, தபால் வரணுமா?" என்றான் லேஃப். இடது என்று சொன்னேன். பந்து வந்ததும் வலதுபக்கம் கொடுத்தேன். அங்கே யாரும் இல்லை. பந்து விழுந்தது. அவர்கள் ஆள் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். ஆறுக்கு நாலு என்று தோற்றோம்.

பிறகு வண்டியடியில் அப்பா என்னிடம் வெகுநேரம் பேசினார். வழக்கமாக நீ நம் சைகையில் எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்வாய். அன்று, 'அப்பாவுக்குச் சந்தோஷம்' என்று ஒன்றே ஒன்றைக் காட்டினாய். ப்ரூக்டேலுக்கு முன் வந்த கடிதத்தில் அப்பா சொன்னதாக எழுதினாயே, கர்த்தர் துணையிருப்பாராக என்று? அப்பா அப்படிப் பேசி நான் என்றுமே அறிந்ததில்லை. அது நீ எழுதிய வசனம்.

உனக்குக் காது கேட்கவில்லை. எவ்வளவு நாளாக? மார்ச் காய்ச்சலா? எனக்கு ஏன் சொல்லவில்லை? உலகத்தில் இதைச் சொல்வதற்கு என்னைவிடத் தகுந்த ஆள் உனக்கு யார்?

அப்பாவுக்குத் தெரியாது என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால், அவருக்குத் தெரியும்.

லேஃபிடம் மட்டும் சொன்னேன். "விரல் எழுத்து கத்துக்க உங்க அக்காவுக்கு எத்தன நாளாச்சு?" என்றான். ஒரு வாரம் என்றேன். "அப்ப பொழச்சுக்குவா" என்றான்.

செவிடாவது சாவதல்ல, அக்கா. என்னைப் பார்த்தால் செத்தவன் மாதிரியா இருக்கிறது?

உன் தம்பி,
ஹால்வர்

~

மார்லோ
நவம்பர் 29, 1896

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் இல்லை. நேற்று இரண்டு முறை தபால் அலுவலகத்துக்குப் போய்வந்தேன். நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்?

வியாழக்கிழமை நன்றி நாளன்று கடைசி ஆட்டம். ஜெயித்தோம். இந்த வருடத்துக்கு ஃபுட்பால் முடிந்தது. எல்லாரும் என்னைத் தோளில் தூக்கினார்கள், நான் மேலே இருந்தபடி ரயில் நேரத்தை யோசித்துக்கொண்டிருந்தேன்.

பையைக் கட்டிவிட்டேன். படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறேன். நீ எனக்காக எத்தனை வருடம் கேட்டாய். இனி நான் வந்து பக்கத்தில் இருக்க வேண்டாமா? ஹோப்வுட் ஐயாவிடம் சொன்னேன். அவர், "போறதுக்கு முன்னாடி உங்க அக்கா என்ன நெனைக்கிறாங்கன்னு கேட்டியா?" என்றார். கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

அவர் மனைவி, பக்கத்திலிருக்கும் சிறுவர் பள்ளியை நடத்துகிறார். எல்லாம் செவிட்டுப் பிள்ளைகள். அவருக்கு ஓர் ஆசிரியை தேவைப்படுகிறதாம். இதைச் சும்மா செய்தியாக எழுதுகிறேன்.

ஹால்வர்

~

கார்னெட்
டிசம்பர் 6, 1896

என் அன்புத் தம்பிக்கு,

முதலில் பையைப் பிரித்து வை. நீ படிப்பை விட்டு வந்தால் நான் கதவைத் திறக்க மாட்டேன். நீ எவ்வளவு தட்டினாலும் எனக்குக் கேட்காது என்பதை நினைவில் வைத்துக்கொள்.

ஆமாம், மார்ச்சிலிருந்துதான். முதலில் இரைச்சல். பிறகு இடது காது. செப்டம்பரில் வலது காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் கொஞ்சம் கேட்கும். அக்டோபரில் ஒரு ஞாயிறு ஆர்கனை மிதித்து வாசிக்கிறேன், சத்தமே இல்லை. கருவி கெட்டுவிட்டது என்று நிமிர்ந்து பார்த்தால் சபையே பாடிக்கொண்டிருந்தது. பாட்டை முடித்து, எழுந்து, போதகர் மகளிடம் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? நீ பையைக் கட்டுவாய் என்பதால்தான். இன்னொன்றும் உண்டு. உன்னைப் பார்த்து எத்தனையோ இரவுகள் பரிதாபப்பட்டு அழுதிருக்கிறேன். உனக்கு அது தெரியாது. அதே பரிதாபத்தை இப்போது நீ என்மேல் படுவாய் என்று கூச்சமாக இருந்தது. நீ செத்தவன் மாதிரியா என்று கேட்டிருந்தாய். அந்த வரியை வாசித்து மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன், பிறகு சிரித்தேன். பசு என்னை விநோதமாகப் பார்த்தது.

உன் கடிதத்தை அப்பாவிடம் காட்ட ஒரு வாரம் பிடித்தது. போன ஞாயிறு ஆலயத்திலிருந்து வந்ததும், அவருக்குத் தெரியும் என்று நீ எழுதிய வரி மேலே தெரியும்படி மடித்து அவர் தட்டுப் பக்கத்தில் வைத்தேன். வாசித்தார். எழுந்து வெளியே போய்விட்டார். கோபம் என்று நினைத்தேன். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தவரைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டேன். தாடியும் மீசையும் போய்விட்டன, ஹால்வர்! மூக்குக்கு மேலே வெயிலில் கறுத்த நம் அப்பா, கீழே உரித்த உருளைக்கிழங்கு. தாடையில் இரண்டு வெட்டு. மேலுதட்டில் ஒரு பழைய தழும்பு. அம்மா இருந்திருந்தால் அதன் கதையைச் சொல்லியிருப்பாள். நாற்காலியை இழுத்துச் சன்னல் வெளிச்சத்தில் என் முன்னால் போட்டு உட்கார்ந்தார். வாயசைத்தார். புரியவில்லை. மறுபடி அசைத்தார். மூன்றாவது தடவை புரிந்தது.

"இப்பத் தெரியுதா?"

தெரிகிறது என்றேன். புரியாததைப் பலகையில் எழுதினார். ஏப்ரலிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. "கொட்டகைகிட்ட இருந்து கூப்பிட்டேன், நீ திரும்பல. மறுநாளும் கூப்பிட்டேன், திரும்பல" என்றார். ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். "நீயாச் சொல்லுவன்னு இருந்தேன்." நீங்களாகக் கேட்பீர்கள் என்று நான் இருந்தேன் என்றேன். இரண்டு பேரும் ஆறிப்போன உருளைக்கிழங்கைத் தின்றோம்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக் கமிட்டித் தலைவர் ஸ்கார்ஸ்டாட் வீட்டுக்குப் போய் நானே சொல்லிவிட்டேன். அப்பாவும் வந்தார். ஸ்கார்ஸ்டாட் என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை. ஆனால் அப்பா சொன்னது அத்தனையும் புரிந்தது, நேராக அவர் உதட்டிலிருந்து: "எங்கிட்ட ஏன் சொல்ற? அவ அங்க நிக்கிறா. அவளப் பாத்துச் சொல்லு."

ஸ்கார்ஸ்டாட் சிவந்துபோனார். என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "கிறிஸ்துமஸ் வரைக்கும் இருங்க, டீச்சர். அதுக்கு மேல முடியாது." அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பும் வழியெல்லாம் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தேன். பனி விழுந்துகொண்டிருந்தது. அப்பா குதிரைகளை நிறுத்தி, என் பக்கம் முகத்தைத் திருப்பி, "அழுறதுன்னா அழு. நான் அந்தப் பக்கம் பாக்குறேன்" என்றார்.

நீ 'சும்மா' எழுதிய செய்தியை அவரிடம் சொன்னேன். உங்களைத் தனியே விட்டு எப்படிப் போவேன் என்றேன். "மாட்டுக்குக் காது நல்லாத்தான் இருக்கு. நீ போ" என்றார். ஜனவரியில் வந்து பார்க்கிறேன். பார்க்கிறேன் என்றுதான் சொல்கிறேன். திருமதி ஹோப்வுட்டிடம் அதற்கு மேல் எதுவும் சொல்லிவிடாதே.

உன் தோல்விக்கு நான் காரணம் ஆகிவிட்டேன். அதை எப்படி ஈடுசெய்வது என்று தெரியவில்லை. ஆனால் உனக்குக் கொடுக்க வேண்டியது ஒன்று என்னிடம் இருக்கிறது. ப்ரூக்டேலில் வண்டியடியில் உன்னிடம் என்ன சொன்னார் என்று அப்பாவைக் கேட்டேன். கன்னத்தைத் தேய்த்தபடி யோசித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். இது என் வசனம் இல்லை, அவருடையது. ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன்.

"அந்த ஆட்டம் எனக்கு ஒண்ணும் புரியல. எதுக்கு விழுறாங்க, எதுக்கு எந்திரிக்கிறாங்கன்னு ஒண்ணும் தெரியல. ஆனா ஒவ்வொரு தடவையும் பத்துப் பேரு குனிஞ்சு அவன் கையப் பாத்துக்கிட்டு நின்னாங்க. பெரிய பெரிய ஆளுங்க. அது புரிஞ்சுது."

உன் அக்கா,
தோரா

~

மார்லோ
டிசம்பர் 13, 1896

அன்புள்ள அக்காவுக்கு,

பையைப் பிரித்துவிட்டேன். நான் சுகம், அதுவும் உண்மையாகவே. நீயும் இனி அந்தச் சொல்லை உண்மையாக இருந்தால் மட்டும் எழுது.

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். அப்பா சொன்ன இடத்தை இன்னும் சில முறை. லேஃப் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "பெரிய பெரிய ஆளுங்கன்னு சொன்னது என்னத்தானே?" என்றான். ஆமாம் என்றேன். காலையிலிருந்து அதே நினைப்பில் நடக்கிறான்.

திருமதி ஹோப்வுட்டிடம் நீ சொன்னதைத் தாண்டி ஒரு சொல் சொல்லவில்லை. அவராகவே ஜனவரி நாலாம் தேதி ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்கிறார்.

கிறிஸ்துமஸுக்கு இருபத்திரண்டாம் தேதி ரயிலில் வருகிறேன். ஒன்றே ஒன்று. அப்பா மறுபடி தாடி வளர்க்காமல் பார்த்துக்கொள். கடுங்குளிர், கன்னம் விறைக்கிறது என்றெல்லாம் சாக்குச் சொல்வார், விடாதே. உதடுகளைப் படிக்க எனக்கு ஆறு வருடம் கற்றுக்கொடுத்தார்கள். நம் ஊரில் அவருடையதைத் தவிர எல்லார் உதட்டையும் படித்துவிட்டேன். பதினாறு வருடமாக அந்தப் புதருக்குப் பின்னாலிருந்து என்னிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று நான் நேரில் பார்க்க வேண்டும்.

உன் தம்பி,
ஹால்வர்